கோப்பை கைநழுவிய மாலை: வான்கூவர் கலவரம், ஜூன் 15, 2011 (நிகழ்வு ஆய்வு)

ஏன் இந்த நிகழ்வு

பெரிய ஆட்டம் முடிந்ததும் ரசிகர்கள் ஏன் ஊரை உடைக்கிறார்கள் என்று யாரைக் கேட்டாலும் இரண்டு பதில்கள் தயாராக இருக்கும். தோற்ற ஆத்திரம் என்பார்கள். இல்லையென்றால் குடிபோதை என்பார்கள். இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் 1984இல் டெட்ராய்ட் நகரம் எரிந்தபோது அந்த ஊரின் பேஸ்பால் அணி உலகத் தொடரை வென்றிருந்தது. 1993 ஜூனில் மான்ட்ரியல் நகரின் கடைவீதி சூறையாடப்பட்டபோது அந்த ஊரின் ஐஸ் ஹாக்கி அணி, வட அமெரிக்க லீகின் வெற்றிக் கோப்பையான ஸ்டான்லி கோப்பையைக் கையில் வைத்திருந்தது. 2000இல் லாஸ் ஏஞ்சல்ஸ் லேக்கர்ஸ் கூடைப்பந்து அணி கோப்பை வென்ற இரவிலும் அரங்கத்துக்கு வெளியே கார்கள் எரிந்தன. வட அமெரிக்காவைப் பொறுத்தவரை வென்ற ஊரில்தான் கலவரம் அதிகம் என்று இத்துறையைப் படித்தவர்கள் சொல்கிறார்கள். ஆகவே தோல்வி என்ற ஒரே சாவி எல்லாப் பூட்டுகளையும் திறக்காது.

கனடாவின் வான்கூவர் நகரை நான் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. ஒரே நகரம், ஏறத்தாழ ஒரே தெருக்கள், ஒரே விளையாட்டு: ஐஸ் ஹாக்கி. 1994, 2010, 2011 என மூன்று முறை அங்கே பெருங்கூட்டம் சேர்ந்தது. இரண்டு முறை கலவரம் வெடித்தது, ஒரு முறை வெடிக்கவில்லை. யாரும் திட்டமிடாமல் நடந்த சோதனை போல அது அமைந்துவிட்டது. தண்டனை பெற்றவர்கள், அடிபட்டவர்கள் யாருடைய பெயரையும் இங்கே தரவில்லை. நீதிமன்றத்தில் வந்த பெயர்கள்தான் என்றாலும் இந்த ஆய்வுக்கு அவை தேவையில்லை.

பின்னணி: ஒரே ஊரின் மூன்று இரவுகள்

வான்கூவர் கனக்ஸ் அணி 1970இல் தேசிய ஹாக்கி லீகில் சேர்ந்தது. அன்று தொடங்கி ஸ்டான்லி கோப்பையை ஒருமுறைகூட வென்றதில்லை. 1994 ஜூன் 14 அன்று இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டத்தில், நியூயார்க்கில், ரேஞ்சர்ஸ் அணியிடம் 3–2 என்ற கணக்கில் தோற்றது. வான்கூவரின் ராப்சன் தெருவில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் திரண்டார்கள். உயரத்திலிருந்து விழுந்த ஒருவரை மீட்கக் காவலர்கள் கூட்டத்துக்குள் நுழைந்தபோது பதற்றம் தொடங்கி, கண்ணீர்ப்புகையில் போய் முடிந்தது. பிளாஸ்டிக் தோட்டா தலையில் பட்டு ஓர் இளைஞர் மூளைக் காயத்துடன் கிடந்தார். சேதம் பத்து லட்சம் டாலருக்கு மேல்.

2010 பிப்ரவரியில் குளிர்கால ஒலிம்பிக் அதே நகரில் நடந்தது. பிப்ரவரி 28 அன்று ஹாக்கி இறுதியாட்டத்தில் கனடா அமெரிக்காவைக் கூடுதல் நேரத்தில் 3–2 என்று வென்றதும் லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் தெருவில் இறங்கினார்கள். பாடினார்கள், அறிமுகமில்லாதவர்களைக் கட்டிப்பிடித்தார்கள், காவலர்களோடு உள்ளங்கை தட்டிக்கொண்டார்கள். எதுவும் எரியவில்லை. 1994இன் கறை நீங்கிவிட்டது என்று நகரம் நம்பியது. அடுத்த ஆண்டுத் திட்டங்கள் எல்லாவற்றுக்கும் அந்த நம்பிக்கைதான் அடித்தளம். நடந்ததற்கான முதல் காரணத்தைக் காட்டச் சொன்னால் நான் இந்த நல்ல நினைவைத்தான் காட்டுவேன்.

2010–11 பருவத்தில் கனக்ஸ் லீகிலேயே அதிகப் புள்ளிகள் எடுத்த அணி. அது அணியின் நாற்பதாவது ஆண்டும் கூட. இறுதித் தொடரில் எதிரணி பாஸ்டன் புரூயின்ஸ். சொந்த மண்ணில் நடந்த மூன்று ஆட்டங்களையும் கனக்ஸ் வென்றது. பாஸ்டனில் நடந்த மூன்றிலும் படுமோசமாகத் தோற்றது. அவற்றில் ஒன்று 8–1. ஏழாவது ஆட்டம் வான்கூவரில். ஊர்க்காரர்கள் யாரும் அன்று தோல்வியை எதிர்பார்த்து வீட்டை விட்டுக் கிளம்பியிருக்க மாட்டார்கள்.

எடுத்த முடிவுகளும் அவற்றின் காரணங்களும்

முதல் முடிவு, தெருவில் பெருந்திரை வைப்பது. அரங்கத்தில் சுமார் பத்தொன்பதாயிரம் பேர்தான் உட்கார முடியும். டிக்கெட் கிடைக்காதவர்கள் எப்படியும் நகரின் மையத்துக்கு வருவார்கள். அவர்களுக்கு ஓர் இடம் கொடுத்தால் ஒழுங்காக இருப்பார்கள் என்பது கணக்கு. ஒலிம்பிக்கின்போது அது பலித்ததால் நகராட்சிக்குத் துணிவு வந்தது. வெஸ்ட் ஜார்ஜியா தெருவின் ஒரு பகுதியை அடைத்து, தபால் துறைக் கட்டடத்துக்கு அருகே திரை எழுப்பினார்கள். கிரான்வில் தெருவும் போக்குவரத்துக்கு மூடப்பட்டது.

இந்த முடிவை முட்டாள்தனம் என்று பின்னர் பலர் ஏசினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 1994இல் திரையே இல்லை. ஆனாலும் கூட்டம் வந்தது, கலவரமும் வந்தது. திரை வைத்ததில் தவறில்லை. ஒலிம்பிக் திடல்களிலிருந்து எதை எடுத்துக்கொண்டார்கள், எதை விட்டார்கள் என்பதில்தான் தவறு. ஒலிம்பிக்கின்போது மக்கள் கூடிய திடல்களுக்கு வேலி இருந்தது, வாயில் இருந்தது, பையைச் சோதிக்க ஆள் இருந்தது, நிரம்பியதும் வாயிலை மூடும் அதிகாரம் இருந்தது. 2011இல் ஜார்ஜியா தெருவுக்குக் கிடைத்தவை ஒரு திரையும் மெல்லிய வேலியும் பெயரளவில் ஒரு பைச் சோதனையும்.

இரண்டாவது முடிவு மது பற்றியது. அன்று மாலை நான்கு மணிக்கே நகர மையத்தின் மதுக்கடைகளை மூடச் சொன்னார்கள். நோக்கம் நல்லதுதான். ஆனால் மூடப்போகிறார்கள் என்று முன்கூட்டியே தெரிந்தவர்கள் காலையிலேயே வாங்கிவிட்டார்கள். புறநகரில் வாங்கிக்கொண்டு ரயிலேறி வந்தவர்களும் உண்டு.

மூன்றாவது, காவல்துறையின் அணுகுமுறை. தலைக்கவசமும் கேடயமுமாக வரிசை கட்டி நிற்காமல், சாதாரணச் சீருடையில் இருவர் இருவராகக் கூட்டத்துக்குள் நடந்து, பேசி, சிரித்து, குழப்பம் செய்பவரை ஆரம்பத்திலேயே தனியே அழைத்துப் போவது. இது வெறும் நல்லெண்ணத்தில் பிறந்த முறையல்ல. 2004இல் போர்ச்சுகலில் நடந்த ஐரோப்பியக் கால்பந்துக் கோப்பையின்போது இப்படிப்பட்ட மென்மையான காவல் இருந்த நகரங்களில் இங்கிலாந்து ரசிகர்கள் அமைதியாக இருந்தார்கள். வேறொரு காவற்படையின் பொறுப்பிலிருந்த அல்புஃபெய்ரா என்ற கடற்கரை ஊரில் மோதல் நடந்தது. கிளிஃபோர்ட் ஸ்டாட் முதலான சமூக உளவியலாளர்கள் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். கூட்டத்தை எதிரியாக நடத்தினால், அதுவரை ஒருவரையொருவர் அறியாதவர்கள் போலீசுக்கு எதிராக ஒன்றாகிவிடுகிறார்கள் என்பது அவர்கள் கண்டது. வான்கூவர் காவல்துறை 2010இல் இதையே செய்து பெயர் வாங்கியது.

அன்று இந்த முறையோடு தெருவில் இறங்கிய வான்கூவர் காவலர்கள் சுமார் 450 பேர்.

ஆட்டம் முடியும் வரை

ஜூன் 15 ஒரு புதன்கிழமை. ஆட்டம் உள்ளூர் நேரம் மாலை ஐந்து மணிக்கு. பிற்பகலிலேயே ரயில்கள் நிரம்பி வழிந்தன. நகர மையத்தில் கடைசியில் திரண்டவர்கள் சுமார் 1,55,000 பேர் என்று பின்னர் மதிப்பிட்டார்கள். ஜார்ஜியா தெருவின் வேலி ஆட்டம் தொடங்கும் முன்பே பயனற்றுப்போனது. பைச் சோதனை நின்றது. திரைக்கு முன்னால் கையை உயர்த்தக்கூட இடமில்லாத நெருக்கடி. மயங்கியவர்களைத் தூக்கிக்கொண்டு வெளியேறவே முதலுதவிக்காரர்கள் திணறினார்கள்.

காவல் முறை முதலில் தோற்ற இடம் இதுதான். கூட்டத்துக்குள் நடந்து பேசுவதென்றால் நடக்க இடம் வேண்டும். ஒரு சதுர மீட்டரில் நான்கைந்து பேர் நிற்கும்போது காவலர் ஓரத்தில் ஒதுங்கித்தான் நிற்க முடியும். உள்ளே யார் பாட்டில் வீசுகிறான் என்பது அவருக்குத் தெரியாது. தெரிந்தாலும் போய்ச் சேர முடியாது. மென்மையான காவல் தோற்றது என்று பலர் எழுதினார்கள். அது தோற்கக்கூட வாய்ப்புக் கிடைக்கவில்லை என்பதுதான் சரி.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கூட்டம் நிற்கும் இடத்திலேயே வாகனங்கள் நின்றன. அவற்றை யாரும் முன்னதாக அப்புறப்படுத்தவில்லை. சிறிய விஷயம்தான், ஆனால் அன்றிரவு எரிந்தவை அவையே.

ஆட்டத்தில் பாஸ்டன் முதல் பகுதியிலேயே முன்னிலை பெற்றது. இரண்டாம் பகுதியின் முடிவில் 3–0. கடைசிக் கோலோடு 4–0. மூன்றாவதும் கடைசியுமான பகுதியின் இருபது நிமிடங்கள் ஆட்டமாகவே இல்லை. முடிவு தெரிந்துவிட்டது, ஆனால் யாரும் கலையவும் முடியாது. திரையை நோக்கிப் பாட்டில்கள் பறக்கத் தொடங்கின.

ஏழே முக்கால் மணிக்குப் பிறகு

ஆட்டம் முடிந்தபோது மணி ஏறத்தாழ 7.45. ஜூன் மாத நடுவில் வான்கூவரில் சூரியன் மறைய இரவு ஒன்பது மணிக்கு மேலாகும். இந்தக் கலவரத்தைப் படிக்கும்போது நான் திரும்பத் திரும்ப நின்றுபோகும் இடம் இது. பிற்பாடு உலகமே பார்த்த காட்சிகளில் பெரும்பகுதி நல்ல வெளிச்சத்தில் நடந்தது. முகமூடி இல்லை. முதுகில் தன் விருப்பமான வீரரின் பெயரும் எண்ணும் எழுதிய நீலச் சட்டையோடு, ஒருவன் கண்ணாடியை உதைக்கிறான். பக்கத்தில் நிற்பவன் படம் எடுக்கிறான். உதைத்தவன் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறான்.

தபால் துறைக் கட்டடத்துக்கு எதிரே நின்ற ஒரு பிக்கப் லாரியைச் சிலர் ஆட்டத் தொடங்கினார்கள். முதலில் நாலைந்து பேர். லாரி ஒருபுறம் எழும்பித் திரும்ப விழுகிறது. கூட்டம் கத்துகிறது. இன்னும் சிலர் கை கொடுக்கிறார்கள். மூன்றாவது நான்காவது முறை ஆட்டியதும் அது கவிழ்கிறது. ஒருவன் அதன்மேல் ஏறிக் கைகளை விரித்து நிற்கிறான். சுற்றியிருந்த செல்போன்கள் ஒரே நேரத்தில் மேலே எழுகின்றன. சற்று நேரத்தில் தீ. அதற்குப் பின் காவல்துறைக் கார்கள் உட்படப் பல வாகனங்கள் எரிந்தன. கூட்டம் மேற்கே நகர்ந்து கிரான்வில் தெரு முனைக்கு வந்தது. ஹட்சன்ஸ் பே பல்பொருள் அங்காடியின் கண்ணாடிகள் உடைந்தன. லண்டன் டிரக்ஸ் என்ற மருந்துக்கடை சூறையாடப்பட்டது. வாசனைத் திரவியப் புட்டியும் கைப்பையும் அள்ளிக்கொண்டு ஓடியவர்களில் இளம்பெண்களும் இருந்தார்கள்.

எதிர்த்து நின்றவர்களும் உண்டு. ஒரு லாரிக்கு முன்னால் போய் நின்று தடுத்த ஒருவரை அடித்தார்கள். பே அங்காடி வாசலில் தனியாளாக நின்று உள்ளே விடமாட்டேன் என்ற மற்றொருவர் தரையில் வீழ்த்தப்பட்டு மிதிபட்டார். இருவருக்கும் சுற்றிலும் நூற்றுக்கணக்கானவர்கள் இருந்தார்கள். கை கொடுத்தவர்கள் மிகச் சிலர்.

காவல்துறை கலகத் தடுப்புக் கவசத்துக்கு மாறியது. கலையும்படி அறிவித்தது. கண்ணீர்ப்புகையும் மிளகு ஸ்பிரேயும் பயன்படுத்தியது. அண்டை நகரங்களிலிருந்து உதவிப்படை வந்து சேரச் சேர எண்ணிக்கை தொள்ளாயிரத்தைத் தாண்டியது. அந்த வேளையில் எடுத்த முக்கிய முடிவு, ஆளைப் பிடிப்பதை விடக் கூட்டத்தைக் கலைப்பதற்கு முன்னுரிமை தருவது. ஒருவனைக் கைது செய்தால் அவனை அழைத்துப்போக இரண்டு காவலர்கள் வரிசையிலிருந்து கழன்றுவிடுவார்கள். ஆள் பற்றாத நேரத்தில் அது கட்டுப்படியாகாது. வீடியோ இருக்கிறது, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றும் கணக்குப் போட்டார்கள். சுமார் மூன்று மணி நேரத்தில் தெருக்கள் அடங்கின. உயிர்ச்சேதம் இல்லை, 1994இன் பிளாஸ்டிக் தோட்டாவை நினைத்துப் பார்த்தால் அது சாதாரணமான விஷயமில்லை.

அந்த இரவின் ஒரு புகைப்படம் உலகம் முழுக்கப் போனது. காவலர் வரிசைக்கும் புகைக்கும் நடுவே, வெறும் சாலையில் படுத்தபடி ஓர் இளைஞனும் பெண்ணும் முத்தமிட்டுக்கொள்வது போலத் தெரியும் படம். காவலரின் கேடயம் இடித்துக் கீழே விழுந்த பெண்ணை அவன் ஆறுதல் சொல்லித் தேற்றிக்கொண்டிருந்தான் என்பது பிறகு தெரிந்தது. ஒரு படத்தைப் பார்த்துக் கூட்டத்தின் மனதைப் படிப்பவர்கள் இதைக் கொஞ்சம் நினைவில் வைக்கலாம்.

வட்டமாக நின்றவர்கள்

கூட்டம் சேர்ந்தால் மனிதன் புத்தி இழந்து விலங்காகிவிடுகிறான் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பிரான்சில் குஸ்தாவ் லெ பான் எழுதினார். செய்தித்தாள்கள் இன்றும் இதைத்தான் எழுதுகின்றன. வான்கூவர் வீடியோக்கள் அதைப் பொய்யாக்குகின்றன. ஒன்றரை லட்சம் பேர் விலங்காகியிருந்தால் அன்று நகரமே மிஞ்சியிருக்காது. உடைத்தவர்கள் சில நூறு பேர். மற்றவர்கள் தெளிவாக யோசித்து ஒரு காரியம் செய்தார்கள்: நின்று பார்த்தார்கள்.

எரியும் ஒவ்வொரு காரையும் சுற்றி ஒரு வட்டம். வட்டத்தின் உள்ளே பத்துப் பேர், விளிம்பில் ஆயிரம் பேர். அந்த ஆயிரம் பேர் மூன்று வேலைகளைச் செய்தார்கள், தெரிந்தோ தெரியாமலோ. காவலர் உள்ளே வரும் வழியை உடல்களால் அடைத்தார்கள். உடைப்பவனுக்குக் கைதட்டும் ரசிகர்களானார்கள். இன்னும் முடிவெடுக்காமல் நின்றவனுக்கு, இத்தனை பேர் இருக்கிறார்கள், தடுப்பவர் யாருமில்லை என்று காட்டினார்கள்.

மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1978இல் இதற்கு எளிய ஒரு கணக்குச் சொன்னார். ஒவ்வொருவனுக்கும் ஒரு வாசற்படி உண்டு. ஒருவன் யாரும் செய்யாவிட்டாலும் கல்லெறிவான். அடுத்தவனுக்கு முன்னால் ஒருவன் எறிந்திருக்க வேண்டும். மூன்றாமவனுக்கு இருவர். இப்படி நூறு பேர் வரிசையாக இருந்தால் முதல் கல்லிலிருந்து நூறாவது கல் வரை சங்கிலி அறுபடாது. இரண்டாமவன் அன்று வீட்டில் தங்கியிருந்தால் ஒரு கண்ணாடி உடைந்ததோடு விஷயம் முடிந்துவிடும். அந்த இரு கூட்டங்களுக்கும் குணத்தில் வித்தியாசம் எதுவுமில்லை. 2010இல் அமைதியாக இருந்த வான்கூவர்க்காரர் பதினாறு மாதத்தில் கெட்டுப்போகவும் இல்லை. அவர்களில் பலர் இரண்டு இரவிலும் அதே தெருவில்தான் நின்றார்கள்.

இத்துடன் எனக்குத் தோன்றும் ஒன்றையும் சேர்க்கிறேன். 2010இல் ஆட்டம் முடிந்ததும் கூட்டத்துக்குச் செய்ய ஏதோ இருந்தது: பாடலாம், கொடி வீசலாம், ஊர்வலம் போகலாம். 2011இல் மாலை ஏழே முக்காலுக்கு ஒன்றரை லட்சம் பேருக்குச் செய்ய எதுவும் இல்லை. இரண்டு மாதமாகச் சேர்த்து வைத்த உற்சாகம் இருந்தது. ரயில் நிலையத்தில் நீண்ட வரிசை இருந்தது. வெளிச்சம் இருந்தது. வீட்டுக்குப் போவதா, இன்னும் கொஞ்சம் பார்ப்பதா என்று தயங்கி நின்ற பெருங்கூட்டத்தின் முன்னால் யாரோ ஒரு லாரியை ஆட்டத் தொடங்கினான். வென்ற ஊர்களிலும் கலவரம் வெடிப்பதற்கு இந்த வெற்றுநேரத்தில் பாதி விடை இருக்கிறது என்று நினைக்கிறேன். ஆட்டம் முடிந்துவிடுகிறது, ரசிகனின் மாலை முடிவதில்லை.

மறுநாள்

காலையிலேயே துடைப்பமும் குப்பைப் பையுமாக மக்கள் வந்தார்கள். பலர் அதே நீலச் சட்டையில். பே அங்காடியின் உடைந்த சன்னல்களை மூடியிருந்த ஒட்டுப்பலகைகளில் எழுதத் தொடங்கினார்கள்: மன்னிப்பு, வெட்கம், ஊரின் மேலுள்ள அன்பு, இவர்கள் உண்மையான ரசிகர்கள் இல்லை என்ற மறுப்பு. எழுத இடமில்லாமல் நிறைந்த அந்தப் பலகைகள் பின்னர் வான்கூவர் அருங்காட்சியகத்துக்குப் போயின.

காவல்துறைத் தலைவர் முதலில் அராஜகவாதிகளையும் குற்றவாளிகளையும் குற்றம் சாட்டினார். அது ஊருக்கு வசதியான பதில். வழக்குகள் வந்தபோது நின்றவர்களோ பெரும்பாலும் முன்குற்றம் எதுவுமில்லாத உள்ளூர் இளைஞர்கள். மாணவர்கள், வேலைக்குப் போகிறவர்கள். உண்மையான ரசிகர்கள் இல்லை என்ற பலகை வாசகத்தை அந்தப் பட்டியல் ஆமோதிக்கவில்லை.

வேறொரு வகைக் கூட்டமும் அன்று திரண்டது, இணையத்தில். படங்களைப் போட்டு ஆளை அடையாளம் காட்டும் பக்கங்கள் சில மணி நேரத்தில் முளைத்தன. சிலர் வேலை இழந்தார்கள். சில குடும்பங்களுக்கு மிரட்டல்கள் வந்தன. பெற்றோரோடு காவல் நிலையத்துக்குத் தாமாகவே வந்து ஒப்புக்கொண்ட பதின்வயதினரும் இருந்தார்கள். முதல் நாள் தெருவில் கூடியவர்களிடம் கண்ட குணம்தான் இந்த இரண்டாம் கூட்டத்திலும் இருந்தது: முன்னால் பத்துப் பேர் கல்லெறிந்துவிட்டார்கள், நானும் ஒன்று எறிகிறேன்.

விசாரணையும் வழக்குகளும்

அதே ஆண்டு ஆகஸ்டில் லண்டனில் வேறு காரணத்துக்காகக் கலவரம் நடந்தது. அங்கே நீதிமன்றங்கள் இரவும் பகலும் இயங்கிச் சில நாட்களிலேயே தண்டனை கொடுத்தன. வான்கூவரில் மாதக்கணக்கில் ஒருவர் மீதும் கலவர வழக்கு இல்லை. ஊர் கொதித்தது.

காவல்துறை வேண்டுமென்றே தாமதித்தது. கையில் ஐயாயிரம் மணி நேர வீடியோ, முப்பது டெராபைட் அளவு தரவு. பெரும்பகுதி, வட்டத்தில் நின்றவர்கள் செல்போனில் எடுத்ததே. அவசரப்பட்டு ஒருவன்மீது கண்ணாடி உடைத்ததாக மட்டும் வழக்குப் போட்டால், அவனே அரை மணி கழித்துக் காரைக் கொளுத்திய காட்சி பிறகு கிடைக்கும்போது சிக்கலாகும். எல்லாவற்றையும் அமெரிக்காவில் இண்டியானாபொலிஸ் நகரிலுள்ள தடயவியல் வீடியோ ஆய்வகத்துக்குக் கொண்டுபோய், பல நாட்டு ஆய்வாளர்கள் முறைவைத்து உட்கார்ந்து, ஒவ்வொருவனையும் சட்டை, தொப்பி, காலணி என்று குறியிட்டுத் தொடர்ந்தார்கள். முதல் அறுபது பேர் மீதான குற்றச்சாட்டுப் பரிந்துரை அக்டோபர் 31 அன்றுதான் போனது.

மாகாண வாகனக் காப்பீட்டு நிறுவனம் தன்னிடமுள்ள ஓட்டுநர் படங்களோடு முகங்களை ஒப்பிட முன்வந்தது. நீதிமன்ற ஆணையில்லாமல் அப்படிச் செய்யக் கூடாது என்று தனியுரிமை ஆணையர் 2012இல் தடுத்தார். சரியான முடிவு, கலவரக்காரனைப் பிடிக்கத் தொடங்கும் இயந்திரம் அவனோடு நிற்பதில்லை.

ஐந்தாண்டுகள் ஓடி, கணக்கு முடிந்தபோது 300 பேர் மீது 912 குற்றச்சாட்டுகள். 246 பேர் வயதுவந்தோர், 54 பேர் சிறார். 284 பேர் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். வெளிச்சத்தில் முகம் காட்டி நின்றவர்களுக்கு மறுக்க வழியில்லை. கூட்டத்தில் ஒருவனாகக் கண்ணாடி உடைப்பது தனியாக உடைப்பதைவிடக் கனமான குற்றம், ஏனெனில் அது அடுத்தவனுக்கும் தைரியம் தருகிறது என்று நீதிபதிகள் தீர்ப்புகளில் சொன்னார்கள். சேதமடைந்தவை 112 வணிக நிறுவனங்கள், 122 வாகனங்கள். சேத மதிப்பு சுமார் 37.8 லட்சம் டாலர். வழக்கு நடத்த ஆன செலவு ஏறத்தாழ 50 லட்சம் டாலர்.

என்ன மாற வேண்டும்

ஒலிம்பிக் ஏற்பாட்டுக் குழுவின் தலைவராக இருந்த ஜான் ஃபர்லாங்கும், கனடாவின் நோவா ஸ்கோஷியா மாகாணத்தின் முன்னாள் நீதித்துறைத் துணை அமைச்சர் நிலை அதிகாரி டக்ளஸ் கீஃபும் நடத்திய சுயேச்சை ஆய்வு 2011 செப்டம்பரில் 53 பரிந்துரைகளோடு வெளிவந்தது. எத்தனை காவலர்களை நிறுத்தியிருந்தாலும் அத்தனை நெருக்கத்தில் முதல் தீப்பொறியைத் தடுத்திருக்க முடியாது என்பது அதன் மையக் கருத்து. மதுவைக் கட்டுப்படுத்துவது, அண்டை நகரக் காவற்படைகளை முன்கூட்டியே இணைப்பது, ரயில் நிறுவனத்தோடு சேர்ந்து திட்டமிடுவது ஆகியவற்றையும் சொன்னது. எல்லாம் சரி.

நான் வரிசையை மட்டும் மாற்றுவேன். காவலர் எண்ணிக்கையைப் பற்றிப் பேசும் முன் நிற்க வருவோரின் எண்ணிக்கை. ஒரே திரைக்குப் பதில் நகரின் பல பகுதிகளில் ஐந்தாறு சிறு திரைகள், ஒவ்வொன்றுக்கும் மூடக்கூடிய வாயில். கூட்டத்தின் நடுவே காவலர் நடக்க இருவர் அகலப் பாதை. மென்மையான காவலுக்கு அது பாட்டரி போல, இல்லாவிட்டால் விளக்கு எரியாது. காலையிலேயே அந்தத் தெருக்களிலிருந்து எல்லா வாகனங்களையும் குப்பைத் தொட்டிகளையும் செய்தித்தாள் பெட்டிகளையும் அகற்றுவது. மதுக்கடையை மூடுவதைவிட, புறநகர் ரயில் நிலையத்தில் பையைப் பார்ப்பது.

எல்லாவற்றுக்கும் மேலாக ஆட்டத்தின் கடைசி இருபது நிமிடங்களுக்கு ஒரு தனித் திட்டம். 3–0 என்றானபோதே ஓரத்தில் நிற்பவர்கள் கிளம்ப விரும்பியிருப்பார்கள். போக வழியிருந்தால் போயிருப்பார்கள். அந்த நேரத்தில் வெளியேறும் பக்கத்து வேலியைத் திறந்து, ரயில்களை அடுத்தடுத்து விட்டு, ஆட்டம் முடிந்த மறுநொடி திரையை அணைத்து, எந்தத் தெரு வழியாக எந்த நிலையத்துக்குப் போகலாம் என்று ஒலிபெருக்கியில் ஒரு குரல் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். லாரியை ஆட்ட வருபவன் எப்படியும் வருவான். அவனைச் சுற்றி வட்டம் கட்ட ஆயிரம் பேர் மீதியிருக்கிறார்களா, ஐம்பது பேரா என்பதை 7.45க்கும் 8.00க்கும் இடைப்பட்ட அந்தக் கால் மணி நேரம்தான் முடிவு செய்கிறது.